செய்தித்தாளோடு வகுப்புக்குள்: சிங்கப்பூரில் புதிதாகத் தமிழ் கற்பிக்க வருவோருக்கு

தொடக்கநிலை நான்கில் படித்த ஒரு பிள்ளை, செய்தித்தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, “டீச்சர், வீவகன்னா யாரு?” என்று கேட்டான். தலைப்பில் ‘வீவக வீடு’ என்று இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் வாழ்வது ஈசூனில் ஒரு வீவக வீட்டில்தான். எச்டிபி என்றால் தெரியும். அதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று தமிழ்ப் பெயர் உண்டு, அதன் சுருக்கம்தான் வீவக என்பது தெரியாது. விளக்கிச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ எங்க வீட்டப் பத்தியா போட்டிருக்காங்க?” என்றான். அன்று அந்தச் செய்தியை முழுதும் படித்துவிட்டுத்தான் எழுந்தான்.

நம் பிள்ளைகள் கணக்கு, அறிவியல், சமூகவியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழுக்குக் கிடைப்பது தமிழ்ப் பாடவேளை மட்டுமே. பாடநூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் நேற்றைய மழை இருக்காது. இந்த வாரப் பேருந்துக் கட்டணம் இருக்காது. பிள்ளை குடியிருக்கும் புளோக், ஏறும் ரயில், அப்பா அம்மா பேசிக்கொள்ளும் விலைவாசி இவையெல்லாம் தமிழில் எழுதப்பட்டு நாள்தோறும் கைக்கு வரும் ஒரே இடம் செய்தித்தாள். அதனால்தான் அதைத் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரியதாக நான் நினைப்பதில்லை. மற்றப் பாடங்கள் தமிழுக்குள் வரும் வாசல் அது. பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஒப்பந்த ஆசிரியர்கள், துணைப்பாட வகுப்பு எடுப்பவர்கள், வீட்டில் பிள்ளையோடு உட்காரும் பெற்றோர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கே வீட்டுப்பாடம்

ஒரு வாரம் சிங்கப்பூரின் தமிழ் நாளிதழான தமிழ் முரசை நாள்தோறும் நீங்கள் படியுங்கள். வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது மிகவும் அவசியம். இங்கே டாலர் கிடையாது, வெள்ளி. சென்ட் கிடையாது, காசு. இளைஞர் என்பதைவிட இளையர் என்ற சொல்தான் அதிகம் புழங்கும். பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம், மத்திய சேம நிதியைக் குறிக்கும் மசேநிதி, பொருள் சேவை வரி, டெங்கி என்று இந்த ஊருக்கே உரிய சொற்கள் ஒரு நூறாவது தேறும். ஒரு சிறு நோட்டில் குறித்துவையுங்கள். இவை அகராதி புரட்டிக் கற்கும் சொற்கள் அல்ல. இந்த ஊர் தன் வாழ்க்கையைத் தமிழில் சொல்லிக்கொள்ள வேண்டி, பல பத்தாண்டுகளாகப் பத்திரிகையாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் உருவாக்கியவை. தமிழ் முரசு 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய இதழ். 1950களில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகள் எழுதுவதற்கென்றே அதில் இடம் ஒதுக்கினார்கள். அங்கே எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களானார்கள். செய்தித்தாளையும் வகுப்பறையையும் இணைக்கும் வேலை இந்த ஊரில் நேற்றுத் தொடங்கியதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கும் தெம்பாக இருக்கும்.

தாளை வாங்குங்கள்

நகல் எடுக்காமல், உண்மையான செய்தித்தாளையே கொண்டுபோங்கள். நால்வருக்கு ஒன்று போதும். இருபது பேர் உள்ள வகுப்புக்கு ஐந்து பிரதிகள். திரையில் படிக்கலாமே என்று கேட்பார்கள். உயர்நிலை மாணவர்கள் கையில் கற்றல் சாதனம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் திரையில் ஒரு செய்தியைத் தொட்டால் அந்த ஒன்றுதான் தெரியும். தாளை விரித்தால் எது பெரிது, எது சிறிது, எது மேலே, எது மூலையில் என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். அந்தப் பார்வை கிடைத்த பிறகு திரைக்குப் போகலாம்.

நகல் எடுத்தே ஆக வேண்டும் என்றால் இதழின் பெயரையும் தேதியையும் தாளிலேயே அச்சிடுங்கள். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பள்ளிகளுக்குச் சில சலுகைகள் தருகிறது, அவற்றுக்கு வரம்பும் உண்டு. உங்கள் பள்ளியில் இதைக் கவனிப்பவர் யார் என்று தொடக்கத்திலேயே கேட்டுவைப்பது நல்லது.

கொண்டுபோகும் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருநாள் காலை அவசரத்தில் ஒரு சாலை விபத்துச் செய்தியை வகுப்பில் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு மாணவி தாளைத் திருப்பிப்போட்டுவிட்டுக் குனிந்துகொண்டாள். பாடம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். விபத்தில் அடிபட்டவர் அவள் மாமாவின் நண்பர். முந்திய இரவு அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. இது சின்ன ஊர். எந்தச் செய்தியும் யாரோ ஒரு பிள்ளையின் வீட்டுக்கதவுக்குப் பக்கத்தில்தான் நடந்திருக்கும். அன்றிலிருந்து விபத்து, மரணம், நீதிமன்றச் செய்திகளைத் தொடக்கநிலைக்கு நான் எடுப்பதே இல்லை. உயர்நிலைக்கு எடுத்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுவேன்.

முதல் வகுப்பு: வாசிக்கச் சொல்லாதீர்கள்

முதல் நாள் வாசிப்பு வேண்டாம். தாளைப் பிரிக்கட்டும், புரட்டட்டும், மடிக்கத் தெரியாமல் திணறட்டும். வீட்டில் செய்தித்தாள் வாங்காத பிள்ளைகள் இப்போது அதிகம், மடிக்கக் கற்றுக்கொடுப்பதும் நம் வேலைதான். பிறகு இதழின் உறுப்புகளைத் தேடச் சொல்லுங்கள்: முகப்புச் செய்தி எது, தலையங்கம் எங்கே, படவிளக்கம் எது, விளம்பரம் எது, வாசகர் கடிதம் உண்டா? விளம்பரத்தையும் செய்தியையும் பிரித்தறிய உயர்நிலைப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். சில விளம்பரங்கள் செய்தி போலவே எழுதப்பட்டிருக்கும். பக்கத்து மூலையில் சிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்று போட்டிருப்பதை ஒரு பிள்ளை கண்டுபிடித்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு சொல் எடுக்கட்டும். ஆங்கிலத்தில் தெரிந்து தமிழில் தெரியாதிருந்த சொல். அதைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பருவத்தில், அதாவது பத்து வாரத்தில், அந்தச் சுவர் உங்கள் வகுப்பின் சொந்த அகராதியாகிவிடும்.

எழுத்துத்தமிழிலிருந்து பேச்சுத்தமிழுக்கு

இரண்டாவது வகுப்பிலிருந்து வாசிப்பு தொடங்கலாம். தலைப்பும் முதல் பத்தியும் போதும். செய்தி எழுதும் முறையே உங்களுக்குக் கைகொடுக்கும். முக்கியமானது முதலில் வரும், விவரங்கள் பின்னால் வரும். யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்குக்கும் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே விடை கிடைக்கும். ஏன், எப்படி என்பவற்றுக்குத்தான் கீழே போக வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு முதல் நான்கு கேள்வி, வேகமாக வாசிக்கும் பிள்ளைக்குக் கடைசி இரண்டு என்று பிரித்துவிட்டால், ஒரே செய்தியில் வகுப்பு முழுவதும் இருக்கலாம்.

அடுத்த படியில்தான் பயன் மிகுதி. வாசித்ததைப் பேச்சுத்தமிழில் சொல்ல வைப்பது. உதாரணமாக இப்படி ஒரு வாக்கியம்: “தீச்சம்பவத்தில் எவரும் காயமடையவில்லை என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தெரிவித்தது.” இதை வீட்டில் பாட்டியிடம் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். முதலில் மௌனம் வரும். பிறகு யாராவது ஒருவர், “தீப்பிடிச்சதுல யாருக்கும் ஒன்னும் ஆகலையாம், பாட்டி” என்பார். அந்த ‘ஆம்’ ஒட்டைக் கவனியுங்கள். ‘தெரிவித்தது’ என்ற சொல் செய்த வேலையை ஒரு சிறு ஒட்டே செய்துவிட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டினால் இலக்கணம் தானாக உள்ளே போகும்.

வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி கடினம்தான். அவர்களுக்கு ‘ஆகலையாம்’, ‘வந்துச்சாம்’, ‘சொன்னாங்களாம்’ என்று மூன்று வினைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரம் மூன்று போதும். காணொளியைப் பார்த்துக் கருத்துரைக்கும் வாய்மொழித் தேர்வுக்குத் தனியாகப் பயிற்சித்தாள் தேட வேண்டியிருக்காது. ஒரு செய்திப்படத்தைக் காட்டி, “என்ன நடக்குது? நீ அங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?” என்று பேசிப் பழகியவர்களை அந்தத் தேர்வறை பயமுறுத்தாது.

கணக்கு

அங்காடி விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு பாக்கெட் மாவு 3.20 வெள்ளி, இரண்டு வாங்கினால் 5.95 என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு மிச்சம்? 45 காசு. இதைத் தொடக்கநிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள். “ஒரு பாக்கெட்டே போதும்னா, இது மிச்சமா செலவா?” என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். அதற்கு விடை சொல்லத் தமிழ் வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் வகுப்புக்குப் பொருள் சேவை வரி. 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. வரியோடு சேர்த்து 5.45 வெள்ளி என்று போட்டிருக்கும் பொருளின் வரியில்லாத விலை என்ன? பாதிப் பேர் 5.45இல் 9 விழுக்காட்டைக் கண்டுபிடித்துக் கழித்து, 4.96 என்பார்கள். பெற்றோர்களும் அப்படித்தான் சொல்வார்கள். கரும்பலகையில் 109 கட்டங்கள் வரைந்து, அதில் 100 பொருளுக்கு, 9 வரிக்கு என்று காட்டினால், ‘ஓ’ என்ற குரல் எழும். விடை சரியாக 5 வெள்ளி. விழுக்காடு, தள்ளுபடி, உள்ளிட்ட, நீங்கலாக ஆகிய நான்கு சொற்களும் அந்த ஒரு கணக்கிலேயே நின்றுவிடும். கணக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, அவர் விழுக்காடு நடத்தும் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள்.

உயர்நிலைக்கு வாகன உரிமைச் சான்றிதழ் ஏலம், அதாவது புது வாகனம் வாங்கத் தேவையான சான்றிதழுக்கான ஏலம். மாதம் இரண்டு முறை நடக்கும், முடிவு நாளிதழில் வரும். ஏ முதல் இ வரை ஐந்து பிரிவுகள். ஆறு மாத முடிவுகளைச் சேகரித்துக் கோட்டு வரைபடமாக வரையட்டும். பிறகு அதைப் பார்த்து மூன்று வாக்கியம் எழுதட்டும்: ‘ஏறியது’, ‘சரிந்தது’, ‘அதிக மாற்றமில்லை’. வரைபடத்தை வாக்கியமாக்குவது எந்த மொழியிலும் தனித் திறன். எங்கள் வகுப்பில் அதிக நேரம் எடுத்தது இந்தப் பகுதிதான், அதிகம் பேசியதும் இங்கேதான்.

அறிவியலும் நிலவியலும்

புகைமூட்டக் காலம் வந்தால் தவறவிடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்ராவில் கரிச்சதுப்பு நிலங்கள் எரிந்தால் புகை இங்கே வந்து சேர்கிறது. காற்றுத் தரக் குறியீடு 50 வரை நன்று, 51 முதல் 100 வரை மிதம், 100ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு, 300ஐத் தாண்டினால் அபாயம். 2013 ஜூன் மாதம் இந்த எண் 401ஐத் தொட்டது. அந்த நாள் இதழையும் இன்றைய இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காற்றுத் திசை வரைபடத்தில் அம்புக்குறியை விரலால் தொடரச் சொல்லுங்கள். “வேறொரு தீவுல எரிஞ்சா நமக்கு ஏன் இருமல் வருது?” என்ற கேள்விக்கு அந்த விரலே விடை சொல்லும்.

டெங்கிச் செய்தியும் இதே போலத்தான். புளோக்கின் கீழ்த்தளத்தில் தொங்கும் பதாகையைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சிவப்பு என்றால் அந்த வட்டாரத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு நோய் வந்திருக்கிறது, மஞ்சள் என்றால் பத்துக்கும் குறைவு. செய்தியைப் படித்துவிட்டு, வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பட்டியல் போட்டு வரச் சொல்லுங்கள். ஒரு பையன் ‘பூந்தொட்டித் தட்டு, துணி காயப்போடும் மூங்கில் மாட்டுற குழாய், ஏர்கான் தட்டு’ என்று எழுதி வந்தான். அந்த மூங்கில் குழாய் எனக்கே தோன்றவில்லை.

விளையாட்டுப் பக்கம்

இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சொற்களஞ்சியம். வென்றது, வீழ்த்தியது, முறியடித்தது, பந்தாடியது, போராடி வென்றது, வாகை சூடியது. காற்பந்து முடிவுகள் சிலவற்றைக் கொடுத்து எதற்கு எந்த வினை பொருந்தும் என்று கேளுங்கள். ஆறுக்குச் சுழியம் என்றால் ‘பந்தாடியது’, கடைசி நிமிடத்தில் ஒன்றுக்குச் சுழியம் என்றால் ‘போராடி வென்றது’. தமிழ்ப் பாடம் என்றாலே சாய்ந்து உட்காரும் பையன்கள் நிமிர்ந்து உட்காரும் நேரம் இது. அவர்களுக்குள் சண்டையே வரும், வரட்டும்.

வரலாறு: பழைய இதழ்களுக்குள்

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி என்ற இணையத் தொகுப்பில் இந்நாட்டின் பழைய நாளிதழ்கள் பக்கம் பக்கமாக மின்னுருவில் கிடைக்கின்றன. தமிழ் முரசும் அதில் இருக்கிறது. சில இதழ்கள் நூலகக் கணினியில் மட்டுமே திறக்கும் என்பதால் ஒரு சனிக்கிழமை நீங்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தேதியை வைத்துத் தேடுங்கள். எடுத்தவுடன் கொண்டுபோகத் தக்கவை இரண்டு நாள்கள். சிங்கப்பூர் தனி நாடான 1965 ஆகஸ்ட் 9ஐ ஒட்டிய இதழ்கள். 1987 நவம்பர் 7ஐ ஒட்டியவை. இரண்டாவது, பெருவிரைவு ரயில் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு முதன்முதலாக ஓடிய நாள். பிள்ளைகளின் கண்கள் விரியும். ஐந்தே நிலையமா?

பழைய பக்கத்தில் எழுத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். ‘லை’, ‘னை’, ‘ணை’ மூன்றும் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருக்கும். “டீச்சர், இது தமிழே இல்ல” என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள். எழுத்துச் சீர்திருத்தம் என்ற பெரிய கதைக்குள் அன்று நாங்கள் அந்த ஒரு கொம்பைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தோம். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் பழைய ‘லை’ எழுதிக் காட்டச் சொல்லி, அந்தத் தாளை வாங்கி வந்தாள். நடுங்கும் கையெழுத்தில் பன்னிரண்டு ‘லை’. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

பழைய இதழோடு ஒரு வீட்டுப்பாடம் சேருங்கள்: “தாத்தா, இந்தச் செய்தி வந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?” விடையை ஐந்து வரியில் எழுதி வரட்டும். தாத்தா பாட்டி சொந்த ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேட்கட்டும்.

ஒரே செய்தி, இரண்டு மொழி

உயர்நிலை மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரே நாளின் ஆங்கில நாளிதழான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸையும் தமிழ் முரசையும் எடுத்து, இரண்டிலும் வந்த ஒரு செய்தியை ஒப்பிடச் சொல்லுங்கள். எதில் முகப்பில் வந்தது? யாருடைய கருத்தைக் கேட்டிருக்கிறார்கள்? எந்த விவரம் ஒன்றில் மட்டும் இருக்கிறது? தீபாவளி, தைப்பூசம், ஏப்ரலில் தமிழ்மொழி விழா ஆகிய நாள்களில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மலாய் படிக்கும் நண்பரிடம் பெரித்தா ஹரியானில் அதே செய்தியின் தலைப்பைக் கேட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் ஒன்றை நம்பலாமா என்று தனிப்பாடம் எடுப்பதைவிட, இப்படி இரண்டு இதழை ஒப்பிட்டுப் பழகிய பிள்ளை தானாகவே “இது எங்க வந்துச்சு?” என்று கேட்கும்.

ஓவியப் பாடத்துக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் கொடுங்கள், வரையட்டும். பிறகு உண்மைப் படத்தைக் காட்டுங்கள்.

எப்போது எழுத வைப்பது

அவசரப்படாதீர்கள். குறைந்தது ஆறு வாரம் வாசித்த பிறகுதான் வகுப்பு இதழ். ஒரே ஒரு பக்கம், ஏ3 தாள். செய்தியாளர் மூவர், படவிளக்கம் எழுத ஒருவர், பிழை திருத்த இருவர். பிழை திருத்துபவராக உங்கள் வகுப்பில் கையெழுத்து மோசமாக உள்ள பிள்ளையைப் போடுங்கள். மற்றவர் எழுத்தில் ‘ற’வையும் ‘ர’வையும் வேட்டையாடும்போது தன் எழுத்திலும் கண் போகும். செய்தி பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும்: உணவகத்தில் புதுக் கடை, நூலகத்தில் வந்த தமிழ்ப் புத்தகங்கள், துப்புரவு செய்யும் அக்காவுடன் ஒரு பேட்டி. பேட்டிக்கு முன்னால் அனுமதி கேட்கவும் பேசி முடித்த பிறகு எழுதியதை வாசித்துக் காட்டவும் சொல்லிக்கொடுங்கள்.

வெட்டி எடுத்தவற்றைப் பாடம்வாரியாகப் பெட்டிகளில் போட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு பாதி வேலை குறையும். வெட்டியவுடனேயே ஓரத்தில் இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் பேனாவால் எழுதிவிடுங்கள். பென்சில் அழிந்துவிடும். மிஞ்சிய தாள்களைக் கட்டி, மாதம் ஒருமுறை வரும் காராங்குனிக்காரரிடம், அதாவது பழைய பொருள் வாங்குபவரிடம், போடலாம். போடும் முன் பிள்ளைகளிடம் ஒரு சுற்றுக் காட்டுங்கள், யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.